மரக்கறிக் கூடைக்குள் ஒரு கேம் மெசின்

பாப்பாமோட்டையில் கொம்பியூட்டர் சம்பந்தமாக யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் வேணுஜா டீச்சரிடம்தான் கொண்டுவருவார்கள். ஒருத்தியின் போனில் எழுத்துச் சின்னதாகிப் போயிருக்கும். இன்னொருவர் வீட்டு ரீவியில் சத்தம் வரும், படம் வராது. பள்ளிக்கூடத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவள் என்பதால் இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று ஊர் நம்பியிருந்தது. வேணுஜா செய்வது ஒன்றே ஒன்றுதான். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவாள். அனேகமாக அது சரிவரும். சரிவராத போது முகத்தைக் கொஞ்சம் சுருக்கி, "இது உள்ளுக்கை ஏதோ போயிட்டுது, மன்னார் ரவுனுக்குத்தான் கொண்டுபோக வேணும்" என்பாள். அந்த முகச்சுருக்கத்துக்கு ஊரில் நல்ல மரியாதை இருந்தது.

கொம்பியூட்டரின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்று புத்தகப் படத்தில் பார்த்ததைவிட அதிகமாக அவளுக்குத் தெரியாது என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. படிக்கிற காலத்தில் ஒருமுறை செய்முறை வகுப்பில் கழற்றிப் பூட்டினார்கள். ஐந்து பேர் கொண்ட குழு. கழற்றியது ஒருவன், பூட்டியது இன்னொருவன். வேணுஜா திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை என்று பெருமைப்பட்டதும் அவளுக்கு நினைவிருக்கிறது.

அந்த ஐப்பசியில் காலபோக உழவு தொடங்கிய கிழமையே அவளுடைய கணவன் கிருஷாந்தன் உழவு இயந்திரத்தோடு வாய்க்காலுக்குள் சரிந்தான். வலக்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, தை பிறக்கும்வரை காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். விடிய எழும்பி வயலுக்குப் போய்ப் பொழுதுபட வருகிற மனிதனை ஹோலில் கட்டில் போட்டுக் கிடத்தினால் என்ன நடக்கும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. அவன் ரீவியில் செய்தி வாசிப்பவரோடு சண்டை பிடித்தான். பல்லிகளை அதட்டினான். தாய் பூமணி கூட்டுகிற போது, அந்த மூலை விடுபட்டுப்போச்சு, இந்த மூலை விடுபட்டுப்போச்சு என்று கட்டிலில் கிடந்தபடி மேற்பார்வை செய்தான். பூமணி பொறுமைசாலி. ஆனால் ஒருநாள் அவவும் விளக்குமாற்றைக் கட்டிலடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டா.

அவன் விட்ட உழவைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தவன் சித்தப்பாவின் மகன் கபிலன். ஒருநாள் பின்னேரம் வந்திருந்து, வெளிநாட்டில் பிள்ளைகள் ரீவியில் கொழுவி விளையாடுகிற கேம் மெசினைப் பற்றிக் கதைத்தான். ரவுனில் கேம் கடை ஒன்றில் தான் இளந்தாரியாக இருக்கும்போது பந்தடிக் கேம் விளையாடித் திரிந்ததைக் கிருஷாந்தன் சொன்னான். கால் முறிந்த பிறகு அவன் முகத்தில் வெளிச்சத்தைக் கண்டது அன்றைக்குத்தான்.

"அண்ணி கொம்பியூட்டர் டீச்சர்தானே," என்றான் கபிலன். "சாமானை வேண்டி ஒண்டு கட்டித் தர மாட்டாவோ?"

"அதுக்கென்ன," என்றாள் வேணுஜா. "ஒரு கிழமையிலை கட்டலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு யார் சொன்னது என்று விளங்கியது. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போடுகிற சாட்டில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிற வசதி வாய்க்கும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

மன்னார் ரவுனில் கொம்பியூட்டர்ச் சாமான் கடை வைத்திருந்த றுஸ்தி மரியாதையான பெடியன். டீச்சர் என்றதும் எழும்பிக் கதிரையைத் தந்தான். அவன் கேட்ட கேள்விகளில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் கதிரையைத் திருப்பி வாங்கிவிடுவானோ என்ற மாதிரி எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம், அதுதான்" என்று தலையாட்டினாள். பாவித்த தாய்ப்பலகை ஒன்று, அதற்குரிய மற்றச் சாமான்கள், நல்ல கேம் ஓடக்கூடிய பெரிய கிறபிக்ஸ் கார்ட், கையில் பிடித்து விளையாட இரண்டு கொன்றோலர். கடைசியாகப் பெட்டி. ரீவிக்குக் கீழே வைக்கிற சாமான் வடிவாக இருக்கவேண்டும் என்று மெல்லிய கறுப்புப் பெட்டி ஒன்றை அவளே தெரிவுசெய்தாள்.

"டீச்சர், இது கொஞ்சம் ஒடுக்கம். அளவு பாத்தனீங்களோ?"

"ஓம் ஓம், அதுதான்."

அளவு பார்க்கவில்லை. வீட்டில் பாயை விரித்து, எல்லாவற்றையும் பரப்பி, யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துப் பூட்டிக்கொண்டுபோய்க் கடைசியாகக் கிறபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தபோது அது பெட்டிக்கு மேலே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தாள். சரித்துப் பார்த்தாள். கட்டிலில் இருந்து கிருஷாந்தன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்குமாறு போய் இப்போது அவனுக்கு இது கிடைத்திருந்தது.

"கொஞ்சம் அமத்திப் பாரன்."

"இது பயணப் பையில்லை."

"அப்ப மேல்மூடி இல்லாமல் விடு."

"கிடையாய்ப் படுக்க வைக்கவேண்டிய பெட்டியப்பா இது. மூடி இல்லாட்டி ரீவிக்குக் கீழை போகாது."

இதற்கிடையில் பூமணி வந்து பாயின் ஓரத்தில் குந்தி, கொம்பியூட்டரின் மூளையான மையச் செயற்பாட்டு அலகின் மேல் வேணுஜா அப்பியிருந்த வெள்ளைக் களிம்பைக் கவனமாகப் பார்த்தா. சூட்டைக் கடத்துவதற்காக ஒரு பயறளவு வைக்கவேண்டிய களிம்பு அது. வேணுஜா தோசைக்குச் சட்னி போல வைத்திருந்தாள்.

"என்ன பிள்ளை, இதுக்கும் எங்கையோ நோவோ?"

"ஓம் மாமி," என்றாள் வேணுஜா.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு முகமில்லை. அடுத்த நாள் கபிலன் வந்து பார்த்துவிட்டு, சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றுகிற நீலப் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். நாலு பக்கமும் ஓட்டை. உயரம் தாராளம். பிளாஸ்டிக் என்பதால் மின்சாரமும் கடத்தாது. தாய்ப்பலகையை அதன் அடியில் மரத்துண்டு வைத்துப் பூட்டினார்கள். ஆனால் கூடையில் மெசினைப் போடுகிற சுவிட்ச் இல்லை. அழுத்தினால் தொட்டு, கையை எடுத்தால் விடுகிற சுவிட்ச் எதுவானாலும் சரி என்று யூடியூப் சொன்னது. இரும்புக்கடையில் கேட்டபோது வாசல் மணிக்குரிய சுவிட்சைத் தந்தார்கள். வெள்ளைப் பொத்தான், நடுவில் சின்ன மணிப் படம். அதைக் கூடையின் முன்பக்கத்தில் கட்டினார்கள். இப்போது அது கேம் மெசின் மாதிரியும் இல்லை, மரக்கறிக் கூடை மாதிரியும் இல்லை. ஆஸ்பத்திரியில் யாருக்கோ உள்ளுறுப்பு வெளியே வந்த மாதிரி இருந்தது.

வேணுஜா மணியை அழுத்தினாள். விசிறிகள் சுற்றின. கூடைக்குள் சிவப்பு வெளிச்சம் வந்தது. கபிலன் கைதட்டினான். ரீவியில் நோ சிக்னல் என்று வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வேணுஜா ரீவியை அணைத்துப் போட்டாள், மெசினை அணைத்துப் போட்டாள், வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டாள். றாம் நினைவகத்தைக் கழற்றி ஊதிப் பூட்டினாள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, பிள்ளைகள் பார்க்காத நேரத்தில் முதலாம் பாடத்திலிருந்து வாசித்தாள். தாய்ப்பலகை என்றால் என்ன என்பதற்கு அவள் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருந்த விளக்கம் மிக நன்றாயிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பூமணி ரீவி மேசைக்குக் கீழே கூட்டியபோது விளக்குமாறு வயரில் மாட்டி, ரீவிக்குப் போகிற வயர் கழன்று விழுந்தது. வேணுஜா எரிச்சலோடு குனிந்து, கூடையின் பின்பக்கத்தைத் தடவி, அகப்பட்ட ஓட்டைக்குள் அதைச் செருகினாள். ரீவியில் படம் வந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வேணுஜா எட்டிப் பார்த்தாள். கிறபிக்ஸ் கார்ட் என்ற ஒன்றை வாங்கினால் வயரைக் கிறபிக்ஸ் கார்டில்தான் செருகவேண்டும். அவள் அத்தனை நாளும் தாய்ப்பலகையில் இருந்த மற்ற ஓட்டையில் செருகிவிட்டுத் தவம் கிடந்திருக்கிறாள்.

"என்ன பிழை?" என்று கேட்டான் கிருஷாந்தன்.

"உள்ளுக்கை ஒண்டு," என்று முகத்தைச் சுருக்கினாள். அவன் சிரிக்கத் தொடங்கியதும் அவளுக்கும் அடக்க முடியவில்லை. "வயரைப் பிழையான இடத்திலை கொழுவினனான். போதுமோ?"

பந்தடிக் கேம் நன்றாக ஓடியது. அதைவிட அவனுக்குப் பிடிக்கும் என்று கார் ஓட்டுகிற கேம் ஒன்றையும் அவள் பார்த்து ஏற்றியிருந்தாள். வருஷம் முழுக்க உழவு இயந்திரத்தில் இருக்கிற மனிதன், ஓட்டம் என்றால் விடமாட்டான் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவன் ஒரேயொரு தரம் ஓட்டினான். ஒரு வளைவில் கார் வழுக்கிச் சரிந்ததும் கொன்றோலரை மடியில் வைத்துவிட்டு, "தலையிடிக்குது" என்றான். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. படம் நடுங்குவதால்தான் தலையிடிக்கிறது என்று வேணுஜா முடிவு கட்டினாள். இரண்டு மூன்று நாள் இருந்து ஒவ்வொன்றாக மாற்றி, தெருவோர மரங்களில் இலை தனித்தனியாகத் தெரியும்படி செய்து காட்டினாள்.

"நல்லாயிருக்கு," என்றான் அவன். பந்தடிக் கேமைப் போட்டான்.

அடுத்த வில்லங்கம் மார்கழியில் தொடங்கியது. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு கிருஷாந்தன் விளையாடத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் மெசின் தானாக நின்றுவிடும். பொறுத்திருந்து போட்டால் வரும். திரும்பவும் நிற்கும். அவள் வந்து போட்டுப் பார்த்தால் பொழுதுபடும்வரை நிற்காமல் ஓடும்.

"நீங்கள் என்னத்தையோ அமத்துறியள்."

"நான் பந்தைத்தான் அடிக்கிறன். கோல் அடிக்கப் போகேக்கை நிக்குது."

"எனக்கு நிக்கேல்லையே."

"உனக்கு நிக்காது. நீ டீச்சர். அது பயந்து ஓடுது."

வின்டோஸை அழித்துத் திரும்ப ஏற்றினாள். மின்சாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தாள். றுஸ்திக்குப் போன் எடுத்தாள். சூடாகிறதா என்று கேட்டான். "சூடாக வழியில்லை தம்பி, நாலு பக்கமும் ஓட்டை" என்றாள். கடைசியில், காலையில் அவனுக்குப் பொறுமை இல்லை, கொன்றோலரைப் போட்டு உடைக்கிற மாதிரி அமத்துகிறான், அதுதான் பிழை என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றைக்கு இருவரும் கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்கும்போதும் அவளே அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் கொடுக்கவேண்டியிருந்தது. கால் முறிந்தவனோடு கோபம் போடுவதில் உள்ள சங்கடம் அது.

பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் அறையில் ஒவ்வொரு மெசினுக்கும் தூசிக்காகத் துணியுறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்து, வழக்கம்போல வரிசையாக நின்று, உறையை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தார்கள். வேணுஜா வழக்கம்போலச் சொன்னாள்:

"உறையை எடுக்காமல் ஒருத்தரும் போடக் கூடாது. ஏன்? மூடியிருந்தால் சூடு வெளியேறாது. சூடு கூடினால் கணினி தன்னைப் பாதுகாக்கத் தானாகவே..."

பிள்ளைகள் காத்திருந்தார்கள். "தானாகவே நின்றுவிடும், டீச்சர்" என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

"ஓம்," என்றாள் வேணுஜா. "நல்லாய்ச் சொன்னீர். இரும்."

ஹோலில் ரீவிக்கு மேல் பூமணி கையால் பூவேலை செய்த துணி ஒன்று விரித்திருக்கும். அதே மாதிரி இன்னொன்று கூடைக்கு மேலும் நாலு பக்கமும் தொங்கத் தொங்கக் கிடந்தது. மழை விட்டுத் தூசி பறக்கத் தொடங்கியதில் இருந்து அவ அதைப் போட்டு வருகிறா. வீட்டுக்கு வந்த பெறுமதியான சாமானுக்குத் துணி போடுவது அவவுக்கு வழக்கம். கிருஷாந்தனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அந்த வீட்டில் துணி போடாத சாமான் எது? வேணுஜா ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து, என்ன பிழை என்று பார்ப்பதற்காக முதல் வேலையாக அந்தத் துணியைத் தன் கையால் எடுத்துக் கதிரையில் எறிந்துவிட்டு, மணியை அழுத்தி, "ஒரு பிழையும் இல்லையே" என்று சொல்லியிருக்கிறாள்.

இடைவேளையில் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"இப்ப ஓடுதோ?"

"இப்பதான் நிண்டது," என்றான். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"மாமியைக் கூப்பிட்டு அந்தத் துணியை எடுக்கச் சொல்லுங்கோ. பிழை உங்களிலை இல்லை. என்னிலை."

"ஒருக்காத் திரும்பச் சொல்லு," என்றான். "கடைசியிலை சொன்னதை மட்டும்."

சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியையும் கேட்கவைத்திருக்கிறான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பூமணி துணியைத் தோய்த்து மடித்து அலுமாரிக்குள் வைத்திருந்தா. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றா. வேணுஜாவுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

தைப்பொங்கல் முடிந்த கிழமை பிளாஸ்டரை வெட்டினார்கள். கால் மெலிந்து வெளிறியிருந்தது. நடக்கலாம், மெல்ல மெல்ல வேலையும் செய்யலாம் என்று டொக்டர் சொன்னார். மெசின் ஒரு குறையுமில்லாமல் ஓடத் தொடங்கி அப்போது மூன்று கிழமைகூட இல்லை. இத்தனை பாடுபட்டு நான் கட்டி முடிக்கவும் இவருடைய கால் பொருந்தவும் சரியாயிருக்கிறதே என்று வேணுஜா நினைத்தாள். சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் கொஞ்சம் நட்டப்பட்ட மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கிருஷாந்தன் நடந்தான், வயலுக்கும் போய்வந்தான். ஆனால் நெல் வெட்டுத் தொடங்கியபோது உழவு இயந்திரத்தைக் கபிலனையே எடுக்கச் சொன்னான். கால் இன்னும் பலப்படவில்லை என்றான். ஒரு கிழமை போனது. மூடை ஏற்றுகிறான், வரம்பில் விழாமல் நடக்கிறான், இயந்திரத்தில் மட்டும் ஏறுகிறானில்லை.

ஒருநாள் பின்னேரம் அவன் வந்திருந்து தேத்தண்ணி குடிக்கும்போது வேணுஜா அந்தக் கார்க் கேமைப் போட்டாள். தான் அழகாக்கிய மரங்களையாவது ஒருவர் பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம். அவள் வாழ்க்கையில் எதையும் ஓட்டியதில்லை. கார் புறப்பட்ட உடனேயே தெருவை விட்டு இறங்கி, வேலியை உடைத்து, ஒரு சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. சில்லு மட்டும் சுற்றியது.

"பின்னுக்கு எடு."

"எடுக்கிறன்."

"அது முன்னுக்கு."

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு."

ஒருவழியாகப் பின்னால் வந்து, திரும்பி, அதே சுவரில் மற்றப் பக்கத்தால் போய் மோதினாள். கிருஷாந்தன் சிரித்தான். தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. அதனால் இன்னொரு தரமும் மோதினாள். அந்தத் தரம் வேணுமென்று மோதியதா என்று கேட்டால் அவளால் சத்தியம் பண்ண முடியாது.

சிரிப்பு அடங்கிய பிறகு அவன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கு ஏறப் பயமா இருக்கு, வேணு."

"எதிலை?"

"உழவு மெசினிலை. சீற்றைப் பாத்தால் அந்தச் சரிவுதான் ஞாபகம் வருது. அண்டைக்கு உந்தக் கேமிலை கார் சரிய, பிளாஸ்டருக்குள்ளை கால் இழுபட்டது."

வேணுஜா சுவரோடு நின்ற காரைப் பார்த்தாள். "நான் படம் நடுங்குது எண்டு நினைச்சன்," என்றாள்.

"படம் நடுங்கேல்லை. நான்தான்."

மரங்களுக்கு இலை வைத்துக்கொண்டு இருந்த அந்த இரண்டு மூன்று நாளையும் அவள் நினைத்தாள். பிழை பிடிக்கிறேன் என்று கூடையைத்தான் குடைந்தாளே தவிர, கட்டிலில் கிடந்தவனை ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறுதலாக ஏதும் சொல்லவேண்டும் போலிருந்தது. கொன்றோலரை அவனிடம் நீட்டினாள்.

"இந்தச் சுவரிலை இருந்து மட்டும் எடுத்துத் தாங்கோ. எனக்கு ஏலாது."

அவன் வாங்கி, காரைப் பின்னுக்கு எடுத்து, தெருவில் நேராக நிறுத்திவிட்டுத் திருப்பித் தந்தான். ஓட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அவன் கபிலனுக்குப் பக்கத்தில் பெரிய சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் ஏறி இருந்து வயலுக்குப் போனதாகப் பூமணி சொன்னா. வீட்டில் பின்னேரங்களில் வேணுஜாவின் காரை வேலியிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுத்துக் கொடுப்பது அவன் வேலையாயிருந்தது. பிறகு ஒருநாள் எடுத்த கையோடு அடுத்த வளைவு வரைக்கும் ஓட்டினான். "இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்று கேட்காமலே சொன்னான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று வேணுஜா நினைத்தாள். இந்த மெசினைப் பற்றித் தான் நினைத்த எதுவுமே சரியாக வந்ததில்லை என்பதால் அதற்கு மேல் நினைக்கவில்லை.

மாசியில் ஒருநாள் மத்தியானம் இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் இருந்து மூடை ஒன்று வழியில் விழுந்துவிட, கபிலன் இறங்கித் தூக்கப் போனான். பின்னால் ஒரு லொறி வந்து கோர்ன் அடித்தது. கிருஷாந்தன் மட்காட்டிலிருந்து சீற்றுக்கு மாறி, இயந்திரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினான். ஒதுக்கியவன் இறங்கவில்லை. வீடு வரைக்கும் அவனே கொண்டுவந்தான். மெல்லத்தான் வந்தான், சைக்கிள்காரர்கூட முந்திக்கொண்டு போனார்கள் என்று கபிலன் சொன்னான். கிருஷாந்தனின் சேட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கிணற்றடியில் போய் நெடுநேரம் குளித்தான்.

அன்று பின்னேரம் வேணுஜா பள்ளிக்கூடத்தால் வந்து கதையைக் கேட்டபோது அவன் ஹோலில் பாயில் கிடந்து நித்திரையாகிவிட்டான். எழுப்ப மனம் வரவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துத் தனியாக ஓட்டினாள். ஒரு வேலியையும் தொடாமல், ஒருவரும் காரை எடுத்துக் கொடுக்காமல், எட்டுக் கார்களில் ஏழாவதாக வந்தாள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி ஒரு இடம் வந்ததில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாததால் குசினிக்குப் போய்ப் பூமணிக்குச் சொன்னாள்.

"எட்டிலை ஏழோ," என்றா பூமணி, கீரையை ஆய்ந்தபடி. "அப்ப உனக்குப் பின்னாலையும் ஒருத்தன் வந்திருக்கிறான்."

"இல்லை மாமி. அவன் வெளிக்கிட்ட இடத்திலையே தலைகீழாய்ப் பிரண்டு போனான்."

"பாவம்," என்றா பூமணி. "ஆள் தப்பிட்டானோ?"